குறிப்பு: பத்து எழுத்துக்குள்

எனக்குத் திறந்துவிட்டது நாலே நாலு கட்டம்.
தேதி. இடம். மில்லிமீட்டர். குறிப்பு.
மற்றதெல்லாம் பூட்டு.
சர்வர் எந்த ஊர்க் குளிரறையில் இருக்கிறதோ தெரியாது.
பாஸ்வேர்டு வைத்திருந்த பரிமேலழகன்
வேலை மாறி, நம்பர் மாறி
புனேயில் இருப்பதாகக் கேள்வி.

அளப்பவர் பெயருக்கு ஒரு கட்டம் கேட்டு
பதினோரு கடிதம் போட்டேன்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
"மழை யார் பெயரிலும் பெய்வதில்லை."

சரிதான்.

காலை எட்டரைக்கு மேல்
அஸ்தம்பட்டி மாடியறையில் போன் அடிக்கத் தொடங்கும்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலிருந்து
செம்மனத்தம் சடையாண்டி
டவர் தேடிப் பாறைமேல் ஏறி நின்று கத்துவார்:
"முப்பத்தேழு புள்ளி ரெண்டு!
காப்பிப் பூவெல்லாம் கொட்டிப் போச்சுங்க!"
பூவுக்குக் கட்டம் இல்லை.
அட்டை கடித்த காலோடு அவர் நிற்பதற்கும் இல்லை.

குறிப்பு என்பது ஆலங்கட்டிக்கும் இடிக்கும் ஒதுக்கியது.
அங்கேதான் ஆட்களைக் குடிவைத்தேன்.
பத்து எழுத்துதான் கொள்ளும்.
எந்திரத்துக்குக் கொம்பும் காலும் புள்ளியும்
தனித்தனி உருப்படி. 'கி' என்றால் இரண்டு.
சடையாண்டி ஒன்பதில் தப்பித்தார்.
கொட்டச்சேட்டுத் தபால்காரர் மாட்டிக்கொண்டார்:
'ஆரோக்கியசா' என்று நின்றுவிட்டது,
யாரையோ கூப்பிட வாயெடுத்து
மறந்துபோன மாதிரி.
சொன்னேன். சிரித்தார்.
"மீதியை அடைமழையன்னிக்குப் போட்டுக்குங்க."

எஸ்டேட் கணக்கர் ஒருவர் மட்டும்
பேரே வேண்டாம் என்றார்.
குடுவை இருப்பது காப்பிக் களத்துக் கொட்டகைமேல்;
முதலாளிக்குத் தெரியாது.
அவருக்கு 'இடி' என்று எழுதுகிறேன்.
பங்குனி வெயிலிலும் அங்கே தினம் ஓர் இடி.
என்றைக்காவது யாராவது
அதை ஆராய்ச்சி செய்யக்கூடும்.

நாகலூர் பிலோமினா
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் அளப்பவர்.
கார்த்திகையில் குடல்வால் ஆபரேஷன்.
சேலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கூப்பிட்டார்.
"இருவது நாள் நான் இல்லவே இல்ல.
நனைஞ்சிட்டே போய்ப் பாத்தது செல்லாயி.
என் பேரு எப்படி வந்துச்சு?"

செல்லாயி சொல்லும்போது
எண்ணை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்த முடியாது, என்றேன்.
ஒருமுறை ஏற்றினால் அதுவும் பூட்டு.

போன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் சோறு வடிக்கும் சத்தம்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க.
இனி வர்ற என்னோட இருவது நாளை
அவ பேருல எழுதிடுங்க.
கணக்கு நேராயிடும்ல?"

அந்த இருபது நாளும்
மலையில் ஒரு பொட்டு விழவில்லை.
தையல் பிரித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு
தினமும் குனிந்து
காலிக் குடுவையைப் பார்த்துவிட்டு
பிலோமினா கூப்பிடுவார்:
"ஒண்ணுமில்லீங்க."

நான் தட்டச்சு செய்வேன்.
நாகலூர்.
0.0.
செல்லாயி.