தொண்ணூற்றாறு துண்டு

பாலக்கோட்டு மண்டியில்
ஏலக்காரர் மூன்று எண்ணுவார்.
என் மூன்று மாதம் முடிந்துவிடும்.

கரண்டுக்கும் மண்டி உண்டு என்று
ஓசூர்ப் பையன் வந்து சொன்னபோது
ஏழு பேரும் சிரித்தோம்.
ஒரு நாளைத் தொண்ணூற்றாறு துண்டாக நறுக்கிக்
கால்மணிக்கொரு விலை போடுவார்களாம்.
மத்தியானம் சல்லிசு.
விளக்கு வைத்த பிறகு ஏறும்.

ஏன் என்று நஞ்சுண்டன் கேட்கவில்லை.
எல்லாத் தோட்டமும் ஒன்றாய்ப் பழுத்த சித்திரையில்
டெம்போவோடு போய் ரோட்டோரம்
கொட்டிவிட்டு வந்தவனுக்கு
அதை விளக்க வேண்டியதில்லை.
கொட்டின தக்காளியாவது நாறும்.
கொட்டிப்போன வெயில் நாறாது.
அதனால்தான் இத்தனை வருஷம் தெரியவில்லை.

மாரண்டஅள்ளி, பேளாரஅள்ளி, எர்ரணஅள்ளி,
ஊர்ப்பெயரெல்லாம் அள்ளி.
வெயிலை அள்ள வங்கிக்குப்
பதினோரு தடவை நடந்தோம்.
தகரக்கூரை மேல் பலகை, கீழே குளிர் அறை,
பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு பேட்டரி.
"ஈடு?" என்றார் மேனேஜர்.
அவர் வாயை மூடுவதற்குள்
சாக்கம்மா தோட்டைக் கழற்றியிருந்தாள்.
மீதிக்கு ஆறு பேர் பட்டா.
ஏழாவது நான். எனக்குக் குத்தகை நிலம்.
கணக்கு நோட்டு என்னிடம் வந்தது அப்படித்தான்.

தெற்கே காற்றாலையெல்லாம் ஓய்ந்துகிடந்த புரட்டாசி.
ஒரு சாயங்காலம் போனில்
யூனிட் பத்து ரூபாய்.
உள்ளே இருநூற்று நாற்பது கிரேடு.
பேட்டரியை விற்பதா, பழத்தைக் குளிரவைப்பதா?
கை தூக்கச் சொன்னேன்.
நாலுக்கு மூணு.
விற்றோம்.

திறக்காவிட்டால் குளிர் இரண்டு மணிநேரம் தாங்கும்.
கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.
வேண்டாமென்று கை தூக்கிய தீர்த்தகிரி
பத்து நிமிஷத்துக்கொரு தரம் வந்தார்.
பேசவில்லை.
கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்,
ஜுரம் பார்ப்பதுபோல.

ஒன்பதேகாலுக்குக் கணக்கு வந்தது.
நாற்பத்தெட்டு யூனிட்.
கமிஷன் போக நானூற்று எட்டு ரூபாய்.
தலைக்கு ஐம்பத்தெட்டு, சில்லறை.
எந்த மண்டியானாலும்
கமிஷன் மட்டும் வாடுவதில்லை.

"வித்தது எங்கே போச்சு, டெல்லிக்கா?"
சாக்கம்மா கேட்டாள்.
லைன்மேன் அன்வர் சிரித்தார்:
"அவ்ளோ தூரம் அதுக்கு நடக்கத் தெரியாதும்மா.
பசியா இருக்கிற முதல் வாயில இறங்கிடும்."
முக்கூட்டு ரோட்டில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.
அங்கேதான் போயிருக்கிறது,
கூப்பிடு தூரம்.
ரசீது மட்டும்
டெல்லி போய்த் திரும்பி வந்தது.

காலையில் கதவோரக் கிரேடு இரண்டில்
மேல்வரிசை தளர்ந்திருந்தது.
எங்களாலா, முந்தின வார மழையாலா,
சண்டை இன்னும் ஓயவில்லை.
தீர்த்தகிரி தன் ஐம்பத்தெட்டை வாங்கவும் இல்லை,
வேண்டாமென்று சொல்லவும் இல்லை.
நோட்டில் அந்த வரி திறந்தே கிடக்கிறது.

நோட்டில் எழுதாத இன்னொன்று:
இந்த மண்டியில் நாளைய விலை
இன்றைக்கே வந்துவிடுகிறது,
தொண்ணூற்றாறு துண்டுக்கும்.
குறைவோ கூடுதலோ, முன்னாடியே.

நாளைக்கு நாற்று வாங்கப் போகிறேன்,
நாலாயிரம் குச்சி.
ராத்திரி போனை எடுத்துத்
தை மாதத்துத் தக்காளி
என்று தேடிப் பார்த்தேன்.
அதற்கு அங்கே
ஒரு துண்டு இல்லை.