ஒன்று, ஐந்து, மூன்று

ஒசாவா, ஜூன் கடைசி.
கராஜ் கதவைத் தூக்கினால்
நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஷெவர்லே லொறி,
சப்பை மூக்கு, கிட்டக் கிட்டக் கண்.
பட்டாளத்துப் பச்சை முழங்கால் பொருக்காய் உரிந்து.
எனக்கும் டார்லீனுக்கும் பாதிப் பாதி.
டயரும் பிரேக்கும் அவளுக்கு.
மூச்சு என் பொறுப்பு:
உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும்.

காபரேற்றரைக் கழற்றிக்
கேக் தட்டில் பரப்பினேன்.
மிதவை. ஊசி. இரண்டு ஜெட்.
தோல் வாஷர் அப்பளமாய்ச் சுருண்டிருந்தது.
குளிர்காலம் முழுக்கக் கிடந்த பெற்றோல்
அடியில் பிசினாகிவிட்டது.
ஜெட் துளைக்குள் கம்பி விடாதே என்று
கையேடு இரண்டு இடத்தில் கத்துகிறது.
விடவில்லை. ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்தேன்.
துளைக்கு அப்பால் டார்லீனின் ஒரு கண்.

மனிபோல்ட் வேறு பிறவி.
சூட்டிலேயே வாழ்ந்த வார்ப்பிரும்பு,
அவசரப்பட்டால் வெடிக்கும்.
ஆறு நாள் எண்ணெய் விட்டேன்,
ஏழாம் நாள் நெருப்பு, பிறகு மெழுகுதிரி மெழுகு,
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே.
கடைசி ஸ்டட் 'டிக்' என்றது.
அன்றிரவு பாண் தொழிற்சாலையில்
எட்டு மணிநேரமும்
அந்த முறிந்த முளையைத்தான் துளைத்துக்கொண்டிருந்தேன்,
கையில் மாவோடு.

பூட்டி முடித்தோம். ஓடியது.
ஆனால் எங்கோ ஒரு 'சிக், சிக்'.
டார்லீன் வால்வு என்றாள்.
ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் செருகி
வாசல் வாசலாய்க் கேட்டேன்.
பின்பக்கம். கஸ்கெட் ஓரம். மயிரளவு.
"எங்கிருந்து உனக்கு இந்தக் காது?"

சின்னவயதில்
படுத்த பாயிலிருந்தே எண்ணுவோம்,
எத்தனை லொறி வருகுது, பாரமா வெறுமையா.
பிறகு விளக்கை ஊதுவோம்.

"அந்த அரை அங்குலச் சாவியைத் தா" என்றேன்.

ஜூலை முதலாம் திகதி ஊர்வலம்.
நடைவேகம். எஞ்சினுக்கு அதுதான் நரகம்.
மனிபோல்டின் சூடு மேலே ஏறி
கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து
சிம்கோ தெருச் சந்தியில் நின்றுவிட்டது.
பாண்ட் வாத்தியக்காரர் எங்களை விலத்திப் போனார்கள்.
மூடியைத் திறந்தேன்.
என் பையில் பதினொரு மரக் கவ்விகள்,
காலையில் கொடியிலிருந்து பிடுங்கியவை.
பெற்றோல் குழாயில் வரிசையாய்க் கவ்வவிட்டு
ஈரத்துணி சுற்றினேன்.
மடக்குக் கதிரையிலிருந்த ஒருவர் கேட்டார்,
இது உண்மையாய் வேலை செய்யுமா?
தெரியாது, என்றேன்.
ஆறும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

பத்து நிமிஷம்.
ஒன்று, ஐந்து, மூன்று,
ஆறு, இரண்டு, நான்கு.
ஒரு 'சிக்' இல்லை.
டார்லீன் ஓட்ட, நான் பின்னால் நடந்தேன்.
பாரம், என்றது காது.
பதினாறு பிள்ளைகள், ஆளுக்கொரு கொடி,
ஒருத்தியின் ஐஸ்கிரீம்
பின்பலகையில் வழிந்து
புதுப் பூச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் என் வெள்ளை யூனிபோர்ம்
கவ்வியில்லாமல் புல்லில் விழுந்திருக்கும்.
திரும்பத் தோய்க்கவேண்டும், ஆறு மணிக்குள்.