பிளம் தோப்பின் சந்துகள்

இரவுப் பணி முடிந்து
ரோஸ்னோவிலிருந்து கிளம்பும் ஆறேகால் பேருந்தில்
இடப்பக்க ஜன்னல்தான் எனக்கு.
மார்ச் கடைசியிலும் பனி கிடக்கிறது.
இலையற்ற பிளம் மரங்கள்,
யாரோ அளந்து நட்டவை. நின்று பார்த்தால் வெறும் கூட்டம்.

பேருந்து நகர
சட்டென ஒரு சந்து திறக்கிறது,
மறுகோடி வேலிவரை வெளிச்சம்.
மூடுகிறது.
குறுக்கே இன்னொன்று, இன்னும் ஒடுக்கமாக.
பிறகு தெரிந்தும் தெரியாமலும் நூலிழைச் சந்துகள்.
மரங்கள் நெருங்கி நிற்கும் வரிசையை ஒட்டித்தான்
அகலமான வழி.
ஒரு மரமும் அசையவில்லை.

சிலிக்கனை இப்படித்தான் பார்க்கிறேன்.
பயிற்சியில் எண்களாகத் தந்தார்கள்:
தளம் மூன்று அச்சுகளையும் எங்கே வெட்டுகிறது என்று பார்,
தலைகீழாக்கு.
எங்குமே வெட்டாமல் ஓர் அச்சோடு இணையாகவே போனால்
முடிவிலி; அதைத் தலைகீழாக்கினால் பூஜ்யம்.
எதிர்ப்பக்கம் வெட்டினால் எண்ணின் தலைமேல் ஒரு கோடு.
ராடிம் அதைத் தொப்பி என்பான்.
தேர்வில் தேறிவிட்டேன். தளம் மட்டும் தெரியவே இல்லை
இந்த ஜன்னல் கிடைக்கும்வரை.

நேற்று இரவு
மெருகேறிய வட்டத் தட்டொன்று
ராடிமின் இடுக்கியிலிருந்து நழுவியது.
உறையில் இருந்தது: ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.
அப்படியென்றால் செங்கோணத்தில் உடைந்திருக்க வேண்டும்,
சாக்லேட் கட்டி மாதிரி.
தரையில் கிடந்தவை முக்கோணங்கள்.
அறுபது பாகை. அறுபது பாகை.
விரல்நகச் சில்லிலும் அறுபது.

துடைப்பம் எடுக்கப் போனவனின் கையைப் பிடித்தேன்.
குனிந்தபடியே இருந்தோம்.
பெயர் மாறிய உருளை;
அதிலிருந்து அறுத்த இருநூறு தட்டுகள்
அலமாரியில் பொய்ப்பெயரோடு காத்திருக்கின்றன.
மிச்ச உருளையை எக்ஸ் கதிரில் வைத்தோம்.
நான்காய்ச் சுழல வேண்டிய புள்ளிகள்
மூன்றாய்ச் சுழன்று நின்றன.
ராடிம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
பாலாடைக்கட்டியின் ஒரு மூலையைச் சீவினான்,
அந்த முக்கோண முகத்தை என்னிடம் காட்டினான்,
தின்றான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
பிழையைக் கண்டறிந்த முறை.
‘கை நழுவல்’ என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டான்.

இன்று பனிவாரும் வண்டிக்கு வழிவிட்டு
தோப்பருகே நின்றுவிட்டது பேருந்து.
நின்ற இடத்திலிருந்து எந்தச் சந்தும் திறக்கவில்லை.
முன்னிருக்கைக் கிழவர் ஏதோ முணுமுணுக்கிறார்.
நான் தலையை மட்டும்
கொஞ்சம் நகர்த்தினேன்.