அடுப்புக்குக் காகிதம்

பெய்ப்சி ஏரி பிப்ரவரியில் வெறும் தரை.
வெல்லோ முன்னால் போகிறான்,
இரும்புக் கோலால் பனிக்கட்டியைத் தட்டித் தட்டிக்
காது கொடுத்தபடி.
அவன் மிதித்த இடத்தில்தான் நான் மிதிக்கிறேன்.
"உங்க ஆள் தண்ணிமேல நடந்தாராமே"
என்றான், திரும்பாமல்.
"இங்க வருஷத்துக்கு மூணு மாசம்
ஊரே நடக்குது."

சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாதோ என்று
அடுத்த நாற்பதடி யோசித்தேன்.

கோட்டின் உள்பையில்
நாலாய் மடித்த துண்டுப் பிரசுரம்.
முஸ்த்வே சபையில் ஆளுக்குப் பத்து கொடுத்திருந்தார்கள்.
ஒன்பதைப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்து
மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு
பின்னால் பார்க்காமல் வந்துவிட்டேன்.
அதையும் ஊழியக் கணக்கில் எழுதினேன்.
பத்தாவது இவனுக்கு.
பதினோரு வருஷமாய்ப் பக்கத்து வீட்டுக்காரன்.
என் கூரை காற்றில் பிய்ந்த இரவு
கேட்காமலே ஏணியோடு வந்து நின்றவன்.

துளை போட்டான்.
கறுப்புத் தண்ணீர் மேலேறி வந்து
எங்கள் பூட்ஸ் நுனியில் நின்றது.
வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.

மனிதரைப் பிடிக்க வேண்டும் என்று
சபையில் ஓயாமல் சொல்கிறார்கள்.
சொல்கிறவர் மீன் பிடித்துப் பார்த்ததில்லை.
வெல்லோ தூக்கிப் போட்ட பெர்ச்
இரண்டு துள்ளு துள்ளி
மூன்றாவதின் பாதியிலேயே விறைத்துப்போனது.
வாய் திறந்தபடி, தூண்டில் முள் உதட்டிலேயே.
இதைக் காட்டி
நான் அவனுக்கு என்ன நற்செய்தி சொல்ல?

"ரைவோ, காகிதம் ஏதாச்சும் வச்சிருக்கியா?
அடுப்பு பிடிக்க மாட்டேங்குது."

கை தானாக உள்ளே போனது.
அவன் பிரித்தான்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
முதல் வரியை உரக்கப் படித்தான்:
'இன்றிரவு நீங்கள் இறந்துபோனால்?'
பிறகு சத்தமில்லாமல் கொஞ்சம்.
"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு.
லெய்டா பாத்திருந்தா
கடைச் சாமான் லிஸ்ட் எழுதியிருப்பா."

நவம்பரில் போனவள்.
சிலுவை வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று
எழுதி வைத்துவிட்டுப் போனவள்.
சவப்பெட்டியின் இடப்பக்கம் நான் பிடித்திருந்தேன்,
கையுறைக்குள் விரல்களைக் கோத்துக்கொள்ள முடியாமல்.

காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் செருகினான்.
நன்றாகப் பற்றிக்கொண்டது.
தேநீர் குடித்தோம்.

"எனக்காக ஜெபம் பண்றியா நீ?"

"பண்றேன்."

"என்னன்னு?"

என் நோட்டில் பதினேழு பெயர்கள்.
இவன் நாலாவது.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
டிக் போட ஒரு சின்னக் கட்டம்.
பொய் சொல்லியிருக்கலாம். குளிர் விடவில்லை.

"நீ மாறணும்னு."

துளையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
மேலே மெல்லிய ஏடு கட்டத் தொடங்கியது.
கரண்டியால் அதை அள்ளி எறிந்தான்.

"முழங்காலையும் சேத்துக்கோ.
மாடிப்படி ஏற முடியல."

எங்கோ வடக்கே ஏரி
நீளமாய் ஒரு முறை முனகியது.
அப்போதுதான் கேட்டான்,
கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல்:
"அவ எங்கயாச்சும் இருக்காளா?"

இதற்கு எனக்கு வகுப்பே நடத்தியிருக்கிறார்கள்.
மூன்று படிகள், ஐந்து வசனங்கள்,
எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுவரை.
ஒன்றும் வரவில்லை.

"அவர் கையில இருக்கான்னுதான் நம்பறேன்" என்றேன்.
"ராத்திரி மூணு மணிக்கு எனக்கும் பயமா இருக்கும்.
அப்பவும் அவர்கிட்டதான் பேசறேன்.
வேற யார்கிட்ட பேச?"

அவன் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.
"கடிக்குது, இழு" என்றான்.
இழுத்தேன். கயிறு மட்டும் வந்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
கோலை என்னிடம் கொடுத்தான்,
கால் வலிக்குதாம்.
தட்டினேன். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்டது.
"அங்க வேணாம், இடப்பக்கம்" என்று
பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டில், படுக்கும் முன்
நோட்டைத் திறக்காமல் முட்டி போட்டேன்.
எந்த முழங்கால் என்று
கேட்க மறந்துபோயிருந்தேன்.
இரண்டையும் சொன்னேன்.