ஹல் ஒலிப்பதிவில் இரைச்சல் இல்லை

இந்தப் பகாவ் பட்டணத்தில்
வெட் ஸ்லேட்டுக்கு இரண்டு ரசிகர்கள்.
பதினாலு மாதமாக
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

யாப் தியாம் ஹோக், மோட்டார் சாமான் கடை.
நான், செம்பனை ஆலையில் பாய்லர், இரவு ஷிப்ட்.
மேனேஜர் பங்களாவைக் காலிசெய்த வருஷம்
பழைய இரும்போடு மூட்டையில் வந்த கேசட்டுகள்,
பேனாவால் கிறுக்கிய ஊர்ப் பெயர்கள்.
பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

பிரிட்டனிலேயே அவர்களை யாருக்கும் தெரியாது.
நாலு பேர். ஸ்டூடியோவில் போட்ட தட்டு மூன்று,
மூன்றும் கஞ்சி போட்ட சட்டையோடு
படம் பிடிக்க நின்றவன் மாதிரி.
மேடை ஏறினால்தான் அவர்களுக்கு மூச்சு வரும்.
மதுக்கடை மாடி, தொழிலாளர் மன்றம்,
கூட்டம் நாற்பது பேர்.
கைதட்டலை எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
நாற்பதுகூட இல்லை.

ஹல் நகரம், ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை.
நாலாவது பாட்டில் கித்தார்க் கம்பி அறுகிறது.
அவன் மாற்றி முடிக்கும் வரைக்கும்
பேஸ்காரனும் டிரம்காரனும்
ஒரே இடத்தில் நடக்கிறார்கள்,
சேற்றில் சிக்கிய லோரியை
முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதுபோல.
யாரோ இருமுகிறான். ஒரு கிளாஸ் உருள்கிறது.
பிறகு அந்தப் புதுக் கம்பி
சுருதிக்கு வராமலேயே உள்ளே நுழைகிறது,
கால் கழுவாமல் வீட்டுக்குள் வருகிறவன் மாதிரி.
ஸ்டூடியோவில் வெட்டி எறிந்திருப்பார்கள்.
அதற்காகவே நான் அதை
எத்தனை தடவை கேட்டேன் என்று
கமலாம்பிகையிடம்தான் கேட்க வேண்டும்.

சண்டையும் அந்தக் கேசட்டால்தான்.
ஷெஃபீல்டுதான் ஒசத்தி என்றான் யாப்.
ஹல்லில் ஒரே இரைச்சல்,
எண்ணெயில் நெத்திலி போட்ட மாதிரி என்றான்.
எங்கே இரைச்சல்? என்றேன்.
நிறுத்தி, பின்னால் ஓட்டி, இதோ என்றான்.
எனக்கு ஓர் அமைதியான அறை கேட்டது.
நீ பெக்காக், என்றான், மலாயில்.
கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
அதன்பிறகு ஒரு செயின் வாங்கக்கூட
கோலா பிலா வரைக்கும் போனேன்.

போன மாதம் கம்பெனிக்கு வேன் வந்தது,
காது பரிசோதனை.
சின்ன அறைக்குள் உட்காரவைத்து
கேட்டால் பொத்தானை அழுத்துங்க அங்கிள் என்றாள்,
சட்டையில் நூர் ஹிதாயா என்று பெயர்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
அப்புறம் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
நான் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
தாளில் கோடு நேராகத்தான் போனது,
நாலாயிரத்துக்குப் பக்கத்தில்
கரை உடைந்து விழுந்திருந்தது.
இருபத்தாறு வருஷம் நீராவி திறந்துவிட்டவன் காது.

அன்றிரவு ஹல்லைப் போட்டேன்.
பேஸ் இருந்தது.
கித்தார் இருந்தது, கொஞ்சம் போர்த்திக்கொண்டு.
டிரம்காரன் இருந்தான், இடுப்புக்குக் கீழே மட்டும்.
சிம்பல் எங்கே?
எந்த வருஷம் போனது?
இரைச்சலும் அதுவும்
ஒரே கதவால் வெளியே போயிருக்கின்றன.
நான் என்னமோ டேப் பழகப் பழகத் தெளிகிறது என்று
பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை யாப் கடைக்குப் போனேன்.
பிளக் ஒன்று வேண்டும் என்றேன்.
எடுத்து வைத்தான். காசைத் தள்ளினேன்.
கேசட்டையும் தள்ளினேன்.
நாலாவது பாட்டு, கம்பி அறுந்த இடம்,
டிரம்காரன் மேலே என்ன செய்கிறான், காட்டு.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.
பிளேயரின் தூசியைச் சட்டையால் துடைத்தான்.
பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து
மேசை விளிம்பில் தட்டத் தொடங்கினான்.
நான் மணிக்கட்டைப் பார்த்தேன்.
முதலில் ஒழுங்காக.
கம்பி மாற்றுகிறவன் திணறத் திணற
சின்னச் சின்னதாக, தள்ளித் தள்ளி.
ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை,
ஸ்பேனர் காற்றில் நிற்கிறது,
நிற்கிறது,
கித்தார் கால் வைத்ததும்
மேசைமேல் இருந்த திருகாணி எல்லாம் துள்ளியது.

இதெல்லாம் இதில் இருந்ததா என்றேன்.
எப்போதும், என்றான்.

டியூபைத் தோளில் போட்டபடி ஒரு பையன்
வாசலில் நின்று எங்களைப் பார்த்தான்.
யாப் டேப்பை நிறுத்தவில்லை.
பாட்டு முடிந்து,
அந்த முப்பத்திச் சொச்சம் பேரும் தட்டி
ஓய்ந்ததும் சொன்னான்:
ஆனாலும் ஷெஃபீல்டுதான்.

இத்தனை வருஷம் நாங்கள்
மலாயில்தான் பேசி வந்தோம்.
போடா என்றேன்.