தரிப்பிடம்

விருப்பு இலக்கம் பதினொன்று.
உட்துறைமுக வீதியில் இரவு ஒட்டிய சுவரொட்டிகளை
விடியமுன் மான்கள் தின்றுவிட்டன.
கோதுமை மாப் பசைக்குத்தான் வந்தவை;
பசையோடு சேர்ந்து பூபாலரெத்தினத்தின்
நெற்றியும் இடது காதும் போயிற்று.
“முதல் வாக்குகள் விழுந்திட்டுது” என்றார்.
அந்தப் பகிடிக்காகவே
அவரிடம் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன்.

கணக்கு வாத்தியார்.
வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுத்தான் வாக்கெண்ணப் போனார்.
இரவு முழுக்கச் சோடா குடித்தபடி
கூட்டலைச் சரிபார்த்தார்.
நாற்பத்தெட்டு வாக்கில் வெற்றி.
“அந்த நாற்பத்தெட்டுப் பேரும் ஆரெண்டு தெரிஞ்சா
நேரில போய்க் கும்பிடலாம்.”
தெரியாததால்
திருகோணமலையில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும்
கடன்பட்டவர்போல் ஐந்து வருடம் நடந்தார்.

இறக்கக்கண்டிக்கு ஐஸ் தொழிற்சாலை கேட்டு
ஒரு பிரேரணை.
முதல் தடவை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருந்தது;
சாப்பிடப் போன உறுப்பினர்கள் திரும்பவில்லை.
இரண்டாம் தடவை மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.
மூன்றாம் தடவை ஏகமனதாக நிறைவேறியது,
மேசைகள் தட்டப்பட்டன,
கொழும்பிலிருந்து பதிலும் வந்தது:
தங்கள் கடிதம் கிடைத்தது.
சூரை மட்டும்
எவருக்கும் காத்திராமல் பழுதானது.

செவ்வாய்க்கிழமைகளில் மக்கள் சந்திப்பு.
பாலையூற்றிலிருந்து ஞானசவுந்தரி அக்கா வருவா.
சீலைக்கடைப் பையில் கோப்பு,
கோப்பில் மகன்.
“மாகாண சபைக்கு இதில அதிகாரம் இல்லையம்மா”
என்று சொல்லிவிட்டு
ஒவ்வொரு முறையும் என்னைக் கடிதம் எழுதச் சொன்னார்.
ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சொல்லை மாற்றினோம்:
கேட்டுக்கொள்கிறேன்,
வேண்டுகிறேன்,
இரந்து நிற்கிறேன்,
மன்றாடுகிறேன்.
அதற்கு மேல் எனக்குச் சொல் தெரியவில்லை.
திரும்பவும்
கேட்டுக்கொள்கிறேனிலிருந்து தொடங்கினோம்.

செய்து முடித்தது ஒன்று உண்டு.
கும்புறுப்பிட்டிக்கு முந்தின வளைவில்
பஸ் தரிப்பிடம்: நாலு தூண், ஒரு வாங்கு.
ஊரின் பெயரைவிடப் பெரிதாக
அவர் பெயரை எழுதிவிட்டான் பெயின்டர்.
வெட்கப்பட்டார்.
அழிக்கச் சொல்லவில்லை.
அதையும் எழுதத்தானே வேண்டும்.

பிறகு சபை கலைந்தது. தோற்றல்ல,
காலம் முடிந்து.
தேர்தல் அடுத்த வருடம் என்றார்கள்.
அடுத்த வருடமும்
அடுத்த வருடம் என்றார்கள்.
மிஞ்சிய கடிதத்தாள்கள் வீணாகக்கூடாதென்று
‘முன்னாள்’ என்றொரு றப்பர் முத்திரை செய்வித்தோம்,
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு.
தோற்றவன் அழுது முடித்துவிடலாம்.
தோற்கவும் விடப்படாதவன்
சேர்ட்டை மினுக்கிக் கொழுவி வைக்கிறான்.

ஞானசவுந்தரி அக்கா மட்டும் வருவதை நிறுத்தவில்லை.
“அதென்ன ஊதா எழுத்து?”
வாசித்துக் காட்டினேன்.
கடிதத்தை மடித்தவ, திரும்பவும் விரித்தா.
“தம்பி, அவர்ட பேருக்கு முன்னால சரி.
என்ர பிள்ளைட பேருக்குக் கிட்ட
அதைக் குத்திப்போடாதை.”

போன மாதம் நானும் அவரும்
குச்சவெளி பஸ்ஸில் போனோம்.
நெரிசல். காலடியில் யாருடையதோ ஐஸ் பெட்டி ஒழுகிற்று.
நடத்துனர் சின்னப் பொடியன்.
“எங்க இறக்கம்?”
“கும்புறுப்பிட்டிக்கு முந்தின தரிப்பிடம்.”
“ஓ, பூபாலத்தடி.”
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த ஆளிடம் போனான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.
கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்,
கடல் தெரியாத இடத்திலும்.

“பூபாலத்தடி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ!”
பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.
மிச்சக் காசு பத்து ரூபாய் வரவேண்டியிருந்தது.
கேட்கட்டுமா என்றேன்.
“விடும்” என்றார்,
“அவன்ர தாய் அந்த நாற்பத்தெட்டில
ஒராளா இருந்திருப்பா.”