வழக்குச் சொத்து

ஊத்துக்கோட்டை நீதிமன்றத்தில்
சொத்து அறைச் சாவி என்னிடம்.
அரிவாள், சாராயக் கேன், சைக்கிள் செயின்,
எலி தின்றது போக மீந்த கஞ்சா மூட்டை.
எலி மீது நடவடிக்கை கோரி
ஒரு குறிப்பு எழுதினேன்.
பதில் வரவில்லை.

தை மாதம் வந்தது அரசாணை.
கண்டுபிடிக்க முடியாமல் மூடிவைத்த கொடுங்குற்றங்கள்,
மாவட்டத்துக்கு அறுபத்தொன்று.
மரபணுச் சோதனை, மாதிரி ஒன்றுக்கு
ஏழாயிரத்து இருநூறு.
சிறப்பு வழக்கறிஞருக்கு நாளுக்கு இவ்வளவு,
குளிர்பெட்டிக்கு இவ்வளவு.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாத பணம்
வந்த வழியே திரும்பிவிடும்.

அதனால்தான் அவசரம்.
இருபத்தாறு வருடம்
யாருக்கும் வராத அவசரம்.

எண் நாற்பத்தொன்று, தொண்ணூற்றெட்டாம் வருடம்.
தேசம்மா. வயது முப்பது இருக்கலாம்.
சூளையில் செங்கல் அறுத்தவள்.
ஆரணியாற்று மணலில் கிடந்தாள்,
தலை நம் பக்கம்
கால் ஆந்திரப் பக்கம்.
பேரிலேயே தேசத்தை வைத்திருந்தவள்
எந்தத் தேசத்துப் பிணம் என்று
இரண்டு நாள் பேசினார்கள்.
சத்தியவேட்டுக்காரர்கள் டேப் பிடித்து அளந்தார்கள்,
நம்மவர்கள் கயிறு பிடித்து.
பிச்சாட்டூரில் அணை திறந்துவிட,
தண்ணீர் வருகிறதென்று
அவசரமாக நம்மவளாக்கித் தூக்கினார்கள்.

உறைக்குள் ஒன்பது நகம்.
பத்தாவது ஒடிந்துபோயிருந்ததாக
மருத்துவர் எழுதியிருக்கிறார்.
கையெழுத்துப் போடத் தெரியாதவள்
சொல்ல வேண்டியதை
நகக்கண்ணில் எடுத்து வைத்துக்கொண்டாள்.
அந்த வருடமே சென்னைக்கு அனுப்பினார்கள்.
'வசதி இல்லை, திருப்பப்படுகிறது.'
சிவப்பு மை.
அரக்கு முத்திரைகூட உடையவில்லை.

மேஸ்திரி என்று
பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும்.
அந்த ஆடியில் அவர் கன்னத்தில் மூன்று கோடு.
கேட்டவர்களிடம் பூனை என்றார்.
இப்போது லாரி நான்கு,
கல்யாண மண்டபம் ஒன்று.
என் அக்கா மகளுக்குக்கூட அங்கேதான் நிச்சயம் நடந்தது.
சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்குத் தெரிந்த பெயரை
அரசாங்கம் தெரிந்துகொள்ள
ஏழாயிரத்து இருநூறு.
குறையாகச் சொல்லவில்லை.
ஊர் கூண்டில் ஏறாது.
நகம் ஏறும்.

அவளுடையது எது, அவனுடையது எது என்று பிரிக்க
மகனின் ரத்தம் வேண்டுமாம்.
நாகலாபுரத்திலிருந்து வந்தான் ஓபுலேசு.
அப்போது ஆறு வயது.
இப்போது அவனும் சூளைதான்.
பஸ் காசுக்கு அரசாணையில் தலைப்பு இல்லை.
தபால்தலைக் கணக்கில் எழுதி நாற்பது ரூபாய் கொடுத்தேன்.
தணிக்கையில் கேட்டால்
நிறைய கடிதம் போட்டேன் என்பேன்.

உறையைத் தொடவில்லை. பார்த்தான்.
"அம்மதேனா, சார்?"
"அவுனு" என்றேன்.
எனக்குத் தெலுங்கு அரைகுறை.
அதற்கு மேல் சொல்ல
தமிழிலும் எதுவும் இல்லை.
கேஸ் முடிந்ததும் திருப்பித் தருவீர்களா என்றான்.
பதிவேட்டில்
உரிமையாளர் என்ற கட்டத்தில்
'எவருமில்லை' என்று யாரோ எழுதிப் போயிருந்தார்கள்.
அடித்துத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால்
சின்னதாக எழுதிவைத்தேன்,
ஓபுலேசு, மகன்.

மார்ச் இருபத்தெட்டு.
ஜீப்பில் பெட்டியை ஏற்றினோம்.
உள்ளே இருக்கிற ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று
டிரைவரைக் கேட்டேன்.
செங்குன்றத்தைத் தாண்டிவிட்டால்
பயமில்லை என்றார்.